மெய் கரையும், உயிர் நிற்கும்

வாடகை வீட்டைக் காலி செய்கிற நாளில் ஒரு விநோதம் நடக்கும். கட்டில், பீரோ, துணிமூட்டை, பாய், தலையணை எல்லாம் வண்டியில் ஏறியிருக்கும். எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கக் கடைசியாக ஒரு தடவை உள்ளே போவோம். வாசலில் நிற்பவர்களைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பூட்டிடலாம்" என்போம். அந்தக் குரல் நம்முடையதாகவே இருக்காது. ஏழு வருஷம் அதே சுவர்களுக்குள் பேசிய குரல் திடீரென்று பெரிதாகிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வரும். போன வருஷம் நாங்கள் வீடு மாறியபோது என் மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வோர் அறையாகப் போய் நடுவில் நின்று "ஆ…" என்று நீட்டினாள். சமையலறையில் ஒரு மாதிரி, குளியலறையில் வேறு மாதிரி. வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் கிளம்புவதாக இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் இரவில் கேட்டுவரும் இசை அத்தனையும் அவளுடைய அந்த "ஆ"வில் இருந்தது.

அந்த இசைக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தாளம் பெரும்பாலும் இல்லாமல் ஊதுவத்திப் புகைபோல் மெல்லப் பரவுவது ஆம்பியன்ட். அதற்கடியில் நிதானமான ஓர் அடி சேர்ந்துகொண்டால் டவுன்டெம்போ. மேலே ஒரு குரலும் மினுங்குகிற கிடாரும் வந்தால் ட்ரீம் பாப். இந்த எல்லைகள் கறாரானவை இல்லை, ஒரே ஆளே மூன்றிலும் வந்து போவார். ஆனால் மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாட்டு நம்மைக் கைபிடித்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துப்போகும். இந்த இசையோ நம்மைச் சுற்றி ஓர் இடத்தையே எழுப்பிவிடும். கண்ணை மூடினால் அதன் கூரை எவ்வளவு உயரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அப்படியொரு கூரை எங்கும் கிடையாது. அது எப்படி எழுகிறது என்று தேடிப்போனால், பள்ளிக்கூடத்தில் படித்த மீச்சிறு பொது மடங்கில் வந்து நிற்கிறோம்.

முதலில் காலி அறையைப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அந்தச் சின்ன அறைக்குள் நம் குரல் ஒரு விநாடியில் நூறு முறைக்கும் மேல் சுவரிலும் தரையிலும் மேற்கூரையிலும் மோதித் திரும்புகிறது. பூச்சுச் சுவரும் சிமென்ட் தரையும் ஒவ்வொரு மோதலிலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் வாங்கிக்கொள்ளும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். மெத்தையும் துணியும் அப்படியில்லை. பஞ்சின் நுண்ணிய துவாரங்களுக்குள் புகுந்த காற்று இழைகளில் உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். மனிதர்களும் ஒலியை நன்றாக உறிஞ்சுபவர்கள்தாம். சாமான்கள் நிறைந்த அறையில் குரல் அரை விநாடியில் அடங்கும். காலி அறையில் அது இரண்டு விநாடிக்கு மேலும் உயிரோடு இருக்கும். இதற்கு நம் பாடப்புத்தகத்தில் எதிர்முழக்கம் என்று பெயர். எதிரொலி என்றால் ஒரு ஒலி, பிறகு தனியாக அதன் மறுபடி. எதிர்முழக்கத்தில் ஆயிரக்கணக்கான மறுபடிகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி விழுவதால், மூளை அவற்றை எண்ணிப் பார்க்காமல் "இது பெரிய இடம்" என்ற ஒரே உணர்வாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

இதை முதன்முதலில் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபின். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி அந்தரத்தில் தொங்கியது. அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லியிருப்பார். சரிசெய்யும் பொறுப்பு சபினிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்குவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு எட்டாமல் போகும் கணம் வரை கடிகாரத்தில் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் அரங்கத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கட்டத்தில், தான் உடுத்தியிருக்கும் துணியே கணக்கை மாற்றுகிறது என்று கண்டுகொண்டு, எடுத்த அளவுகளில் ஒரு பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, அதன்பின் ஒரே உடுப்பில் மட்டும் அளந்தார். இந்த விவரத்தைப் படித்தபோது அந்த மனிதர்மேல் எனக்குத் தீராத மரியாதை வந்தது. இடத்தின் கனஅளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை வாங்கும் பரப்பு கூடினால் குறையும் என்ற அவருடைய எளிய சூத்திரம்தான் இன்றும் அரங்கம் கட்டுபவர்களுக்கு முதல் படி. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தச் சூத்திரத்தை வைத்துக் கட்டியது.

ஃபாக் கூடத்தில் பேச்சு ஏன் புரியவில்லை? விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. க், ச், த், ப் என்ற ஒலிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுபவை. வலுவும் குறைவு. ஆ, ஈ, ஓ என்பவை நீளமானவை, வலுவானவை. முழங்குகிற கூடத்தில் முந்தைய அசையின் "ஆ" இன்னும் ஓயாமல் இருக்கும்போதே அடுத்த "த்" பிறக்கிறது. பிறந்த கணமே அந்த "ஆ"வின் வெள்ளத்தில் மூழ்கிப்போகிறது. அதோடு, "ஸ்", "ச்" போன்றவற்றின் உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றும் துணியும் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கடைசியில் மெய் கரைந்து உயிர் மட்டும் நிற்கும். எழுத்துகளுக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயர்கள் எனக்கு வேறோர் அர்த்தத்தில் ஒலிக்கின்றன.

பேச்சாளரைத் தோற்கடித்த அதே விஷயம், ஸ்காட்லாந்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவந்த கிரேஞ்ச்மவுத் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வாழ்வாகிவிட்டது. எலிசபெத் ஃபிரேசர். 1979இல் தொடங்கிய காக்டோ ட்வின்ஸ் குழுவின் குரல் அவர். பல பாட்டுகளில் அவர் பாடுவது எந்த மொழி என்றே பிடிபடாது. பொருள் தெரியாத அயல்மொழிச் சொற்களை ஓசைக்காகவே எடுத்துக்கொள்வார், சொற்களைத் தானே உண்டாக்குவார். அக்குழுவின் ராபின் கத்ரி தன் கிடாரை நேராக ஒலிக்க விடமாட்டார். அது பல கருவிகளின் வழியாகப் போய் வரும். அவற்றில் ஒன்று, ஒலியைப் பிரதியெடுத்து அந்தப் பிரதியைச் சில மில்லி விநாடி தாமதமாக, சுருதியை மயிரிழை அசைத்து அசலோடு சேர்க்கும். இரண்டு நாகஸ்வரம் ஒன்றாக வாசிக்கும்போது ஏன் ஒன்றின் இரட்டிப்பாக இல்லாமல் அதற்கும் மேலான ஏதோவொன்றாகக் கேட்கிறது? இருவரும் ஒருபோதும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் அகலம் பிறக்கிறது. கத்ரியின் ஒரே கிடார் அப்படித்தான் ஒரு கூட்டமாகிறது. 1984இல் வந்த அவர்களுடைய 'ட்ரெஷர்' தொகுப்பைக் கேளுங்கள். சொல் ஒன்றும் புரியாது. கேட்டு முடித்தபின் எதுவோ சொல்லப்பட்டது என்ற உறுதி மட்டும் போகாது. நம் ஊரில் ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதுமல்ல.

இடத்தையே வாத்தியமாக்கிய ஒரு பதிவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்சென்ட் என்ற கடலோர ஊர். அங்கே ஃபோர்ட் வார்டன் என்ற பழைய ராணுவக் கோட்டையில், தரைக்கடியில் ஒரு கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி உண்டு. இருபது லட்சம் காலன் கொள்ளும். 1988இல் அது வறண்டு கிடந்தது. பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனோடும், ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் டிராம்போனோடும், பனயோட்டிஸ் என்ற பாடகர் தன் குரலோடும் அதற்குள் இறங்கினார்கள். உள்ளே ஒரு ஒலி அடங்க 45 விநாடி ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊதிய ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அந்தத் தொட்டிக்குள்ளேயே 15 கிலோமீட்டர் நடந்துவிடுகிறது. முக்கால் நிமிஷத்துக்கு முன் வாசித்தது இன்னும் அங்கேயே நிற்பதால், இப்போது வாசிப்பது அதோடு ஒத்துப்போக வேண்டும். தவறு செய்தால் திரும்ப எடுக்க முடியாது, அது தேய்ந்து ஓயும்வரை அதனோடுதான் இருக்க வேண்டும். அதனால் வாசிப்பதைப் போலவே கேட்பதும் அங்கே முக்கியம். அடுத்த வருஷம் 'டீப் லிஸனிங்' என்ற பெயரில் அது தொகுப்பாக வந்தது. ஹெட்போனில் கேட்டால் எது அக்கார்டியன், எது சுவர் என்று பிரிக்க முடியாது.

எல்லோருக்கும் அப்படியொரு தொட்டி வாய்க்காது. ஆகவே செயற்கையாக அறையைச் செய்யப் பார்த்தார்கள். 1950களின் கடைசியில் ஜெர்மனியில் செய்த ஒரு கருவி, இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு ஒன்றைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைத்தது. எடை கால் டன்னுக்கு மேல். பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற இயற்பியலாளர், தகடும் வேண்டாம், கூடமும் வேண்டாம், கணக்கே போதும் என்றார். 1962இல் அவர் வெளியிட்ட முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ஒலியை 30 முதல் 45 மில்லி விநாடி வரை தாமதிக்கும் நான்கு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒலி சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மெலியும். நான்கையும் கூட்டி, இன்னும் இரண்டு வடிகட்டிகளில் விட்டு எடுத்தால் ஒரு கூடம் பிறந்துவிடும்.

ஆனால் தாமதங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உயிர்நிலை இருக்கிறது. ஒரு வட்டம் 30 மில்லி விநாடி, இன்னொன்று 40 என்று வைத்தால், இரண்டும் ஒவ்வொரு 120 மில்லி விநாடிக்கும் ஒரே கணத்தில் வந்து மோதும். காது உடனே பிடித்துக்கொள்ளும், தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். 31, 41 என்று மாற்றிப் பாருங்கள். சந்திக்க 1,271 மில்லி விநாடி வேண்டும். அதற்குள் ஒலியே தேய்ந்திருக்கும். பொதுக் காரணி இல்லாத நீளங்கள், பள்ளிக் கணக்கின் மொழியில் சார்பகா எண்கள். ஒன்றோடொன்று பொருந்தாத நீளங்களைச் சேர்த்துச் சுற்றவிட்டால், காது தையலைக் கண்டுபிடிக்க முடியாமல் அதை ஓர் இடம் என்று நம்பிவிடுகிறது. இன்று செல்போனில் கேட்கும் பல பாட்டுகளின் செயற்கை முழக்கத்துக்குள் இந்த யோசனையின் வம்சாவளி இருக்கிறது.

இதே கணக்கை மில்லி விநாடியிலிருந்து நிமிஷத்துக்கு நீட்டினால் என்ன ஆகும்? அதைச் செய்தவர் பிரையன் ஈனோ. 1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்சி மோதி அவர் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருத்தி கொண்டுவந்த பழங்கால யாழிசைத் தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மிகவும் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. எழுந்துபோய்க் கூட்டிவைக்க உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்ட யாழின் ஒலி அறையின் வெளிச்சத்தைப்போல, மழையைப்போல அந்த இடத்தின் ஒரு பகுதியாகிவிட்டதை அவர் படுத்தபடியே கவனித்தார்.

1978இல் அவர் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பின் இரண்டாம் பகுதியில் வாத்தியமே கிடையாது. மூன்று பெண்களும் ஈனோவும் தனித்தனி ஸ்வரங்களை "ஆ…" என்று நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி டேப்பில் பதிவாகி, அந்த டேப்பின் தலையும் வாலும் ஒட்டப்பட்டு வளையமானது. மிக நீளமான வளையங்கள். எந்த இயந்திரத்திலும் அடங்காது. அதனால் கான்னி பிளாங்க் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அலுமினிய நாற்காலிகளைப் பரப்பி, அவற்றின் கால்களைச் சுற்றி டேப்பை ஓடவிட்டார்கள். பின்னாளில் ஓர் உரையில் ஈனோ மூன்று வளையங்களின் அளவைத் தோராயமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று 23½ விநாடி, அடுத்தது 25⅞, மூன்றாவது 29 விநாடியும் பதினாறில் பதினைந்து பங்கும்.

நான் ஒருநாள் இரவு உட்கார்ந்து அவற்றின் மீச்சிறு பொது மடங்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் பதினாறில் ஒரு விநாடியாக மாற்றினால் 376, 414, 479 என்று வருகிறது. 479 பகா எண். முதல் இரண்டுக்கும் பொதுவாக 2 மட்டுமே உண்டு. மூன்று வளையங்களும் தொடங்கிய நிலைக்கே மறுபடி வந்து நிற்க 23,30,095½ விநாடி ஆகும். அதாவது கிட்டத்தட்ட 27 நாள். ஏறக்குறைய நிலா பூமியை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம். வெறும் மூன்று ஸ்வரங்களுக்கு! பேப்பரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். தொகுப்பில் நாம் கேட்பது அந்தச் சுற்றின் ஒரு சின்னக் கீற்றுத்தான்.

நமக்குப் பழக்கமான கணக்குத்தான் இது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு 30. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப 60. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர் வைத்து நாம் எண்ணிக்கொண்டிருக்கும் வட்டம் அதற்குப் பொருந்தி நிற்கிறது. 12க்கும் 30க்கும் பொதுக் காரணி இருப்பதால் மனித ஆயுளுக்குள் அது அடங்கிவிட்டது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளவும் முடிகிறது.

இந்த இசை ஏன் மனத்தை இளக்குகிறது என்பதற்கு ஒரு தடயம், அதே 1978ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த ரிஸ்டோ நாட்டானெனும் அவருடைய சகாக்களும் எழுதியது. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, இடையில் எப்போதாவது ஒன்றை மாற்றினால், கேட்பவர் வேறொன்றில் ஆழ்ந்திருந்தாலும் கால் விநாடிக்குள் அவருடைய மூளையில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. கவனம் எங்கே போனாலும் காதின் காவல்காரன் தூங்குவதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறான், தப்பினால் தட்டி எழுப்புகிறான். துளியும் மாறாத ஒலியை அவன் சீக்கிரமே மறந்துவிடுவான். மின்விசிறிச் சத்தம் நின்ற பிறகுதானே அது இவ்வளவு நேரம் இருந்தது என்று தெரிகிறது? நேர்மாறாக, சட்டென்று அறைகிற ஒலி உடம்பைத் தூக்கிப்போடும். பொருந்தாத வளையங்கள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில் நடக்கின்றன. எதுவும் மெல்ல எழுந்து மெல்ல அடங்குவதால் அச்சமில்லை. எதுவும் அச்சாகத் திரும்பாததால் சலிப்புமில்லை. காவல்காரன் விழித்தபடியே தோளைத் தளர்த்திக்கொள்கிறான். இது என் ஊகம்தான். ஆனால் பல இரவுகள் என் தோளே அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

புதிதாக உள்ளே வருபவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். ஊரில் வழி விசாரிப்பதுபோல் ஆள்விட்டு ஆள் போவதே நல்லது. எலிசபெத் ஃபிரேசரிடம் போனால், அவர் குழு 1986இல் ஹரால்ட் பட் என்ற பியானோக்காரரோடு சேர்ந்து செய்த தொகுப்பைக் காட்டுவார். பட்டைப் பின்தொடர்ந்தால் 1980இல் அவரும் ஈனோவும் செய்ததில் போய் நிற்பீர்கள். திரும்பி வந்து ஃபிரேசரின் இன்னொரு கையைப் பிடித்தால், பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் குழுவுக்காக அவர் பாடி 1998இல் வந்த 'டியர்டிராப்' கிடைக்கும். நிமிஷத்துக்கு 80க்குச் சற்றுக் குறைவான அடி, நிதானமாக உட்கார்ந்திருப்பவரின் நாடித்துடிப்பைப் போல. டவுன்டெம்போவுக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஜப்பானுக்கும் ஒரு பாதை போகிறது. ஹிரோஷி யோஷிமுரா 1982இல் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' செய்தார். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மேகம், மரம் இவற்றை மனதில் வைத்து வீட்டில் ஒரு கீபோர்டில் வாசித்தது. டோக்கியோவின் ஹாரா நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒலிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2003இல் அவர் காலமானார். அவர் பெயர் ஜப்பானுக்கு வெளியே பரவலாகத் தெரியவந்தது அதற்கு வெகுகாலம் பிறகுதான்.

புது வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று சாமான் வண்டி பின்னால் வர ஒரு மணி நேரம் ஆனது. காலிக் கூடத்தின் தரையில் செல்போனைக் கவிழ்த்துவைத்து யோஷிமுராவை ஓடவிட்டேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒவ்வொரு ஸ்வரமும் சுவர்களில் ஏறி, மேற்கூரையைத் தடவிவிட்டுத் தாமதமாக இறங்கியது. மகள் தரையில் மல்லாந்து படுத்துக் கேட்டாள். பிறகு மெத்தைகள் வந்தன. இரண்டாவது மெத்தை உள்ளே நுழைந்ததும் பாட்டு சுருங்கித் தரையில் ஒட்டிக்கொண்டது. "எங்கப்பா போச்சு?" என்றாள். மெத்தையைத் தட்டிக் காட்டினேன்.

போன மாதம் கீழ்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தார். தண்ணீரை இறைத்து, சுவரெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு மேலே ஏறி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இரும்பு மூடி திறந்தே இருந்தது. மகள் அதன் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, இருட்டுக்குள் தலையை மட்டும் நீட்டி "ஆ…" என்றாள். அவள் வாயை மூடிய பிறகும் அது உள்ளே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல், அது எப்போது ஓய்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம்.